உலோகச் சிமுலேஷன்: சத்தமில்லாமல் கெடுக்கும் தவறுகள்

மாதிரியை எங்கும் பிடித்து நிறுத்தாமல் ஓட்டினால் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளே (பொருளை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது) எச்சரித்துவிடும். அந்த வகைப் பிழைகளை விட்டுவிடலாம். கணக்கு தடையின்றி ஓடி, வண்ணப்படமும் வந்து, விடை மட்டும் தப்பாக இருப்பதுதான் ஆபத்து.

இழுவிசைச் சோதனை வரைபடத்தை அப்படியே ஒட்டுவது

புதிதாக வரும் ஆய்வு மாணவர்கள் திரும்பத் திரும்பச் செய்வது இது. ஒவ்வொரு முறையும் எரிச்சலாக இருக்கிறது. யூடிஎம் எனும் இழுவிசைச் சோதனை இயந்திரம் தரும் எக்செல் கோப்பிலிருந்து தகைவையும் (ஸ்ட்ரெஸ்) திரிபையும் (ஸ்ட்ரெய்ன்) எடுத்து, அபாகஸ் என்னும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளின் பிளாஸ்டிக் அட்டவணையில் போட்டுவிடுகிறார்கள். சோதனையில் விசையைத் தொடக்கப் பரப்பால் வகுக்கிறோம். அபாகஸ் கேட்பது அந்தக் கணத்தில் உள்ள பரப்பால் வகுத்த உண்மைத் தகைவையும், விசையை எடுத்தபின்னும் தங்கிவிடும் மீளாத் திரிபையும்.

மாற்றுவது எளிது. சோதனை தரும் பொறியியல் தகைவை (1 + திரிபு) ஆல் பெருக்கினால் உண்மைத் தகைவு. (1 + திரிபு) இன் இயல் மடக்கை உண்மைத் திரிபு. அதிலிருந்து 'உண்மைத் தகைவு ÷ யங் குணகம்' என்பதைக் கழித்தால் மீளாத் திரிபு. எஃகில் 450 மெகாபாஸ்கலும் 0.15 திரிபும் உள்ள புள்ளியைப் பாருங்கள்: உண்மைத் தகைவு 517.5, உண்மைத் திரிபு 0.1398. யங் குணகம் 2,00,000 மெகாபாஸ்கல் என்றால் மீளாத் திரிபு 0.1372. அட்டவணையின் முதல் வரியில் மீளாத் திரிபு 0 ஆகவே இருக்க வேண்டும்.

மாற்றாமல் விட்டால் இந்தப் புள்ளியில் பொருள் 13 சதவீதம் வலுக் குறைந்ததாகிவிடுகிறது. விடை சோதனையோடு ஒத்துப்போகாதபோது மாணவர் உராய்வுக் குணகத்தை மாற்றுவார், தடிமனைத் தொடுவார், ஒருவழியாகக் கோடுகளைப் பொருத்திவிடுவார். அடுத்த வடிவத்துக்குப் போனதும் அந்தப் பொருத்தம் உடையும். அதற்குள் பல மாத வேலை போயிருக்கும்.

இதிலேயே இன்னும் இரண்டு குழிகள். உச்ச விசைக்குப் பிறகு சோதனைத் துண்டு ஓரிடத்தில் கழுத்துப்போல ஒடுங்கும். அதன்பின் திரிபு சீராக இராது, மேலே சொன்ன சூத்திரம் செல்லாது. தரவை அங்கே வெட்டிவிட்டு, அப்பால் உலோகம் கடினமாவதைக் காட்டும் ஸ்விஃப்ட் அல்லது வோஸ் சமன்பாட்டால் நீட்டுங்கள். நீட்டாவிட்டால் கடைசிப் புள்ளியின் தகைவையே அபாகஸ் மாறாமல் வைத்துக்கொள்ளும். மற்றொன்று, துண்டின் நீட்சியை நேரடியாக அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் இல்லாமல் இயந்திரத்தின் தாடை நகர்வைத் திரிபாக எடுப்பது. இயந்திரச் சட்டத்தின் நெளிவும் பிடிப்பின் வழுக்கலும் அதில் சேரும். எஃகின் தொடக்கச் சரிவு 200 ஜிகாபாஸ்கலுக்கு வெகு கீழே வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பெரிய மாதிரிக்கு முன், 1 மிமீ கனசதுர எலிமென்ட் ஒன்றை மட்டும் இழுத்துப் பாருங்கள். பக்கங்கள் சுருங்க இடம் விடுங்கள்; என்எல்ஜியோம் (பெரிய உருமாற்றத்தைக் கணக்கில் எடுக்கும் அமைப்பு) ஆன் நிலையில் இருக்கட்டும். விசையைத் தொடக்கப் பரப்பால் வகுத்தால், உச்சம் வரை உங்கள் சோதனை வரைபடமே திரும்ப வர வேண்டும்.

ஒரே மெஷ்ஷை நம்புவது

1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயின் ஸ்டவாங்கர் அருகே ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கியது. அறைகள் சந்திக்கும் இடத்தில் மெஷ் (எலிமென்ட்களாகப் பிரித்த வலை) சரியாக இல்லாததால் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. எலிமென்ட் அளவைப் பாதியாக்கி இருமுறையாவது ஓட்டி, விடை மாறுகிறதா என்று பாருங்கள். கூர்மையான உள்மூலையில் மட்டும் தகைவு ஏறிக்கொண்டே போகும். அங்கே ஆரம் கொடுங்கள்.

அலகுகள்

எல்லா எண்களும் ஒரே அலகுத் தொகுதியில் இருக்கட்டும். மிமீ, டன், நொடி என்றால் எஃகின் அடர்த்தி 0.00000000785 டன்/மிமீ³.

செயற்கை ஆற்றல்

எலிமென்ட்கள் பொய்யாக நெளிவதைத் தடுக்க மென்பொருள் சேர்க்கும் ஆற்றல் இது. அக ஆற்றலில் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஓட்டத்தை ஒதுக்குங்கள்.