பழைய கியூஐசி கார்ட்ரிட்ஜைப் படிக்கும் முன்

கியூஐசி என்பது கணினித் தரவைப் பதிந்து வைக்கும் கால் அங்குல டேப் கார்ட்ரிட்ஜ். அதன் மேலுள்ள எண் அதன் மாடல்தான். எந்தப் பதிவுத் தரநிலையில் எழுதப்பட்டது என்பதை, எழுதிய டிரைவ்தான் தீர்மானிக்கிறது. கியூஐசி-24 என்றால் 9 தடங்கள், கியூஐசி-150 என்றால் 18. பின்னதற்கான டிரைவ் பொதுவாக முன்னதையும் படித்துவிடும்; முன்னதற்கான டிரைவ் பின்னதைப் படிக்காது.

செருகும் முன் மூலையிலுள்ள குமிழை 'சேஃப்' பக்கம் திருப்பிவிடுங்கள்; டேப்பில் தவறுதலாக எதுவும் எழுதப்படாது.

அப்புறம், உள்ளே இருக்கும் பெல்ட். டேப்பை ஓட்டுவதே இந்த மெல்லிய எலாஸ்டிக் பட்டைதான். வருடங்கள் போகப் போகத் தளரும், அறுந்துபோகும், சில சமயம் டேப்போடு ஒட்டியும் கொள்ளும். தொய்வாகத் தெரிந்தால் செருகவே வேண்டாம். நல்ல நிலையிலுள்ள வேறொரு கார்ட்ரிட்ஜின் பெல்ட்டை மாற்றிப் பாருங்கள். சரி, பெல்ட் நன்றாக இருக்கிறதா? முதலில் ஒரு ரீடென்ஷன், அதாவது கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுவது. படிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.