0 இரட்டைப்படையா, ஒற்றைப்படையா? நீங்களே போட்டுப் பாருங்கள்

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 0 இரட்டைப்படை எண்தான். "அது ரெண்டுலயும் சேராது" என்று அடித்துச் சொல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் கணக்கில் அதற்கு இடமே இல்லை. ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வரையறை

ஒரு முழு எண்ணை 2-ஆல் வகுத்தால் மீதி 0 வந்தால் இரட்டைப்படை, மீதி 1 வந்தால் ஒற்றைப்படை. அவ்வளவுதான். இந்த இரண்டைத் தவிர வேறு மீதி வர வழியே இல்லை, அதனால் எந்த முழு எண்ணும் இரண்டில் ஒன்றில் விழுந்தே ஆக வேண்டும்.

படி 2: 0-ஐ வகுத்துப் பாருங்கள்

0 ÷ 2 = 0, மீதி 0. முடிந்தது. ஆனால் இங்கேதான் பலருக்கு ஒரு தடுமாற்றம் வரும்: "பூஜ்யத்தை வைத்து வகுக்கக் கூடாது என்றுதானே படித்தோம்?" படித்தது சரிதான், ஆனால் அது 0-ஆல் வகுப்பதைப் பற்றியது. 2 ÷ 0 என்றால், எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினால் 2 வரும் என்று தேடுகிறோம். அப்படி ஒரு எண் கிடையாது. 0 ÷ 2 என்றால், எந்த எண்ணை 2-ஆல் பெருக்கினால் 0 வரும் என்று தேடுகிறோம். 0 என்று யோசிக்காமலே சொல்லிவிடலாம். இந்த இரண்டையும் எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்றால், 0 மிகை எண்ணும் இல்லை, குறை எண்ணும் இல்லை, பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை என்று வரிசையாகப் படித்துவிட்டு, இதிலும் அப்படித்தான் இருக்கும் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். அவை வேறு வரையறைகள், இது வேறு.

படி 3: எண்கோடு

−3, −2, −1, 0, 1, 2, 3 என்று எழுதி ஒற்றைப்படைகளை வட்டமிடுங்கள். ஒன்றுவிட்டு ஒன்று வட்டம் விழும், −1-க்கும் 1-க்கும் நடுவில் 0 வட்டமில்லாமல் நிற்கும்.

படி 4: கடைசி இலக்கம்

370 இரட்டைப்படை என்று எப்படிச் சட்டெனச் சொல்கிறோம்? கடைசி இலக்கத்தைப் பார்த்துத்தான். 370 = 37 × 10 + 0. பத்தின் மடங்கு எப்போதும் இரட்டைப்படை, ஆகவே மிஞ்சும் கடைசி இலக்கம்தான் தீர்மானிக்கிறது, இங்கே அது 0. டெல்லியில் 2016 ஜனவரியில் கார்களுக்கு ஒற்றை-இரட்டை முறை கொண்டுவந்தபோதும் இதே கணக்குதான்: பதிவெண் 0, 2, 4, 6, 8 என்று முடியும் கார்களுக்கு இரட்டைப்படைத் தேதிகள்.

பயிற்சி

7 − 7, 0 × 9, −14, −7 ஆகியவற்றை இதே முறையில் சோதியுங்கள். முதல் மூன்றும் இரட்டைப்படை. −7-இல் மட்டும் கவனம்: ஈவு −3 என்று போட்டால் மீதி −1 என்று வந்து குழப்பும். ஈவை −4 என்று எடுங்கள், −7 = 2 × (−4) + 1, மீதி 1, ஒற்றைப்படை.