புலத்தை மேட்ரிக்ஸுக்குள் போடாதீர்கள்

ஸ்பின் சங்கிலியின் (வரிசையாக நிற்கும் குட்டி அணுக் காந்தங்கள்) காந்தமாக்கல் வளைவை, அதாவது புலம் ஏற ஏறக் காந்தமாக்கல் எப்படி ஏறுகிறது என்பதை, முதன்முதலில் கணக்கிட்டபோது, 50 காந்தப்புல மதிப்புகளுக்கு 50 தடவை மேட்ரிக்ஸைத் தீர்த்தேன். லேப்டாப் ராத்திரி முழுக்க ஓடியது. அத்தனையும் வெட்டி வேலை.

ஸ்பின் அரை ஹைசன்பெர்க் சங்கிலியில் (பக்கத்து ஸ்பின்கள் ஜே என்ற வலுவோடு பிணைந்து, எதிரெதிராக நிற்க விரும்பும் மாதிரி), புலத்தின் திசையில் மொத்த ஸ்பின் (எம் என்போம்) மாறாது. புலம் எச் வந்தால் ஆற்றலில் எச் × எம் கழியும், அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு எம்முக்கும் புலமில்லாத மிகக் குறைந்த ஆற்றலை ஒரே ஒரு தடவை கண்டுபிடியுங்கள். அடுத்தடுத்த இரண்டு ஆற்றல்களின் வித்தியாசம்தான் வளைவு ஒரு படி ஏறும் புலம்.

16 ஸ்பின் வளையத்துக்கு மொத்தம் 65,536 நிலைகள்; எம் = 0 பிரிவில் 12,870 மட்டுமே. மேல்நோக்கிய ஸ்பின் 1, கீழ்நோக்கியது 0 என்று ஒவ்வொரு நிலையையும் இரும எண்ணாக எழுதுங்கள். பக்கத்துப் பிட்டுகள் ஒன்றாக இருந்தால் மூலைவிட்டத்தில் ஜே/4 கூட்டவும். வேறுபட்டால் ஜே/4 கழித்து, இரண்டையும் இடம் மாற்றிக் கிடைக்கும் நிலைக்கு ஜே/2 போடவும். கடைசி ஸ்பினை முதலாவதோடு இணைக்க மறக்காதீர்கள்.

முதலில் 4 ஸ்பின்னில் சோதியுங்கள். ஜே = 1 என்றால் எம் = 0, 1, 2-க்கு ஆற்றல் −2, −1, 1 வர வேண்டும்; படிகள் 1-லும் 2-லும். 16 ஸ்பின்னுக்கு எம் = 0-இல் −7.1423.

நான் விழுந்த குழி இனிமேல்தான். சைபை என்ற பைதான் நூலகத்தின் லாங்க்சோஸ் வகை நிரல் (பெரிய மேட்ரிக்ஸின் ஓரிரு ஐகன் மதிப்புகளை மட்டும் தேடுவது), நாம் எதுவும் சொல்லாவிட்டால், குறியைப் பார்க்காமல் அளவில் பெரிய ஐகன் மதிப்பைத்தான் (இங்கே அதுதான் ஆற்றல்) தேடும். எம் = 0-இல் அது தற்செயலாகச் சரியாக வந்துவிடும், சந்தேகமே வராது. எம் = 7-இல் ஆற்றல்கள் 2 முதல் 4 வரை; வேண்டியது 2, அது தருவது 4. எம் = 8-க்கும் 4 என்பதால் கடைசிப் படி பூஜ்ஜியப் புலத்தில் போய் உட்கார்ந்தது! குறியோடு சேர்த்து மிகச் சிறியதைத் தேடச் சொல்லும் 'எஸ்ஏ' (SA) என்ற தேர்வைக் கொடுத்த பிறகே அந்தப் படி 2-க்கு வந்தது. எம் = 8 ஒரே நிலைதான்; அந்த 4-ஐக் கையாலேயே போட்டுவிடுங்கள், நிரலிடம் கொடுத்தால் முரண்டு பிடிக்கும்.

இந்தக் கடைசிப் படிதான் நிறைவுப் புலம்: எல்லா ஸ்பின்களும் புலத்தின் பக்கம் திரும்பிவிடும் இடம். ஸ்பின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்வரை, இந்த 2 ஜே சங்கிலி நீளத்தைப் பொறுத்ததல்ல. இத்தகைய சங்கிலிகள் கொண்ட காப்பர் பைரசின் டைநைட்ரேட் படிகத்தில் ஜே சுமார் 10 கெல்வின் (ஆற்றலை வெப்பநிலை அலகில் சொல்வது). நிறைவு 14 டெஸ்லாவை ஒட்டி வருகிறது. ஆய்வகக் காந்தத்துக்குள் அடங்குகிற புலம்தான்.

குறுக்குப்புல ஈசிங் மாதிரிக்கு (ஸ்பின்கள் பிணைந்த திசைக்குக் குறுக்கே புலம் வருவது) இந்தக் குறுக்குவழி செல்லாது. அங்கே எம் நிலைப்பதில்லை. சரி, அப்போது 50 தடவை ஓட்டத்தான் வேண்டும்.