பேச்சு முடிந்ததும் சாவியைத் தூக்கி எறியுங்கள்: சர்வரில் தற்காலிகச் சாவி அமைப்பது எப்படி?

தக்கலையிலிருந்து மருமகன் போன் செய்தான். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் கடைக்கு அவன்தான் சர்வர் பார்க்கிறான். தோட்டக்காரர்கள் உள்ளே நுழைந்து அன்றைய விலை, எடை, பாக்கி எல்லாம் பார்த்துக்கொள்ளும் சின்னத் தளம். "மாமா, புது சர்வர் ஓடுது, பூட்டுப் படமும் வருது. இனி என்ன செய்யணும்?" என்றான். பழைய சர்வரின் ஹார்ட் டிஸ்க் எங்கே என்று கேட்டேன். "அதை ஆக்கர் கடையில எடைக்குப் போட்டாச்சே!"

அந்த டிஸ்கில் கடையின் பிரைவேட் கீ, அதாவது சர்வர் மட்டுமே வைத்திருக்க வேண்டிய ரகசியச் சாவி, இருந்தது. பழைய முறையில் அந்த ஒரு கீதான் எல்லாவற்றுக்கும் சாவி. பிரவுசர் ஒரு ரகசிய எண்ணை உண்டாக்கி, சர்வர் எல்லோருக்கும் கொடுக்கும் ஜோடிச் சாவியான பப்ளிக் கீயால் பூட்டி அனுப்பும். சர்வர் தன் பிரைவேட் கீயால் திறக்கும். வழியில் யாராவது இரண்டு வருடப் போக்குவரத்தை அப்படியே பதிவு செய்து வைத்திருந்து, ஒரு நாள் அந்த டிஸ்க் அவர் கையில் கிடைத்தால் போதும், இரண்டு வருடப் பேச்சும் திறந்துகொள்ளும். 2014இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற பூட்டு மென்பொருளில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது பலர் பயந்தது இதற்குத்தான். சர்வரின் நினைவகத்திலிருந்தே பிரைவேட் கீ கசிய அதில் வழி இருந்தது.

தற்காலிகச் சாவி முறையில் ஒவ்வொரு இணைப்புக்கும் இரு பக்கமும் புதிதாக ஒரு சாவி செய்து, பேச்சு முடிந்ததும் அழித்துவிடும். பிரைவேட் கீக்கு மிச்சமிருக்கும் வேலை கையெழுத்துப் போடுவது மட்டும். அதைத் திருடியவன் நாளைக்கு நம் கடை போல வேஷம் போடலாம். நேற்றைய பேச்சைப் படிக்க முடியாது.

சரி, ஊரே கேட்க இரண்டு பேர் எப்படி ரகசிய எண் பேசிக்கொள்வது? மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இங்கே துண்டே கிடையாது. 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட கணக்கு இது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள். 3, 17 என்ற இரண்டு எண்களும் எல்லோருக்கும் தெரியும். நான் மனதில் 3 என்று நினைக்கிறேன். 3ஐ மூன்று முறை பெருக்கினால் 27, அதை 17ஆல் வகுத்தால் மீதி 10. "பத்து" என்று சத்தமாகச் சொல்கிறேன். நீங்கள் மனதில் 7 என்று நினைக்கிறீர்கள். 3ஐ ஏழு முறை பெருக்கினால் 2187, மீதி 11. "பதினொன்று" என்று நீங்களும் சத்தமாகச் சொல்கிறீர்கள். இப்போது நான் உங்கள் 11ஐ மூன்று முறை பெருக்குகிறேன்: 1331, மீதி 5. நீங்கள் என் 10ஐ ஏழு முறை பெருக்குகிறீர்கள்: ஒரு கோடி, 17ஆல் வகுத்தால் மீதி அதே 5. சந்தையில் நின்றவன் 10ஐயும் 11ஐயும் கேட்டான், 5 அவன் காதில் விழவே இல்லை. சின்ன எண் என்பதால் உட்கார்ந்து கண்டுபிடித்துவிடுவான், அது வேறு விஷயம். 17க்குப் பதிலாக அறுநூறு இலக்க எண் இருந்தால் அவன் பாடு திண்டாட்டம்.

இனி வேலைக்கு வருவோம். சர்வரில் லினக்ஸும், தளத்தைப் பிரவுசருக்கு அனுப்பும் மென்பொருளான என்ஜின்எக்ஸும் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். மருமகனுக்குப் போனில் சொன்ன மாதிரியே கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். அடிக்கோடு வரும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என்ஜின்எக்ஸின் அமைப்புகள் இருக்கும் கான்பிக் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் 'என்ஜின்எக்ஸ்', இடைவெளி, கழித்தல் குறி, பெரிய 'வி'. வருகிற பட்டியலில் ஓபன்எஸ்எஸ்எல் பதிப்பு 1.1.1 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் டிஎல்எஸ் (பிரவுசரும் சர்வரும் பூட்டிப் பேசும் விதிமுறை) 1.3 கிடையாது, முதலில் சிஸ்டத்தைப் புதுப்பியுங்கள். டிஎல்எஸ் 1.3 ஏன் முக்கியம் என்றால், 2018இல் வந்த அந்தப் பதிப்பு, பிரைவேட் கீயால் ரகசியத்தைத் திறக்கும் பழைய முறையை அடியோடு எடுத்துவிட்டது. நமக்குத் தலைவலி 1.2இல்தான். அதில் இரண்டு முறையும் உண்டு.

கான்பிக்கில் ஹெச்டிடிபி பகுதிக்குள் 'எஸ்எஸ்எல் அடிக்கோடு புரோட்டோகால்ஸ்' என்ற வரியில் டிஎல்எஸ்வி1.2, டிஎல்எஸ்வி1.3 இரண்டை மட்டும் வையுங்கள். அடுத்த வரி 'எஸ்எஸ்எல் அடிக்கோடு சைஃபர்ஸ்', எந்தெந்தப் பூட்டு முறைகளை ஏற்கலாம் என்ற பட்டியல். அதற்கு மதிப்பு: 'இசிடிஹெச்இ கூட்டல் ஏஇஎஸ்ஜிசிஎம்', முக்காற்புள்ளி, 'இசிடிஹெச்இ கூட்டல் சாச்சா20'. எல்லாம் பெரிய எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது, கடைசியில் அரைப்புள்ளி. இந்தப் பெயர்களில் கடைசி 'இ'தான் நமக்கு வேண்டியது. தற்காலிகம் என்று சொல்வது அந்த ஒற்றை எழுத்துதான். முன்னால் 'இசி' இருந்தால் நீள்வட்ட வளைவுக் கணக்கு, சின்னச் சாவியிலேயே வேகமாக முடியும்.

சர்ட்பாட் என்ற கருவி வைத்துச் செர்டிபிகேட் (தளத்தின் அடையாளச் சான்றிதழ்) எடுத்தவர்கள் ஒரு நிமிடம் பொறுங்கள். இந்த வரிகளில் பாதியை அது தன் ஃபைலில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும். சர்வர் பகுதியில் இருக்கும் வரிதான் செல்லுபடியாகும் என்பதால் மேலே நீங்கள் எழுதியது சும்மா கிடக்கும். அதே பகுதியில் இரண்டாவது முறை எழுதினாலோ 'டூப்ளிகேட்' என்று என்ஜின்எக்ஸ் முரண்டு பிடிக்கும். முதலில் அந்த ஃபைலைத் திறந்து படியுங்கள்.

'டிஹெச்பாரம்' ஃபைல் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வளைவு இல்லாத பழைய டிஃபி-ஹெல்மன் கணக்குக்கு, நம் 17 போன்ற பெரிய எண்ணை வைத்திருக்கும் ஃபைல் அது. வளைவுக் கணக்கு தெரியாத பழைய இயந்திரம் எதுவும் உங்களிடம் வராது என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள். வரும் என்றால் சைஃபர்ஸ் வரியில் 'டிஹெச்இ கூட்டல் ஏஇஎஸ்ஜிசிஎம்' சேர்த்து, 'ஓபன்எஸ்எஸ்எல் டிஹெச்பாரம்' கட்டளையில் எண்ணின் அளவாக 2048 (பிட்) கொடுத்து ஃபைலை உண்டாக்கி, 'எஸ்எஸ்எல் அடிக்கோடு டிஹெச்பாரம்' வரியில் அதன் இடத்தைக் காட்டுங்கள். 1024 போதாது என்பது 2015இல் லாக்ஜாம் என்ற தாக்குதலைக் காட்டிய ஆய்விலேயே தெரிந்துவிட்டது. பெரிசு நல்லதுதானே என்று நான் ஒரு முறை 4096 கொடுத்தேன். சின்ன சர்வரில் அது ஓடி முடிவதற்குள் சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் முடிந்து, மழையும் விட்டுவிட்டது. மறுநாள் காலையில் ஒரு கடையின் பில்லிங் சாப்ட்வேர் இணையவே இல்லை. அது ஓடியது பழைய ஜாவாவில். வளைவுக் கணக்கு அதற்குத் தெரியாது, 2048க்கு மேல் எண்ணும் ஏற்காது. அன்று முழுக்கக் கையால் பில் எழுதினார்கள்.

அடுத்து, பலரும் மறக்கிற வரி: 'எஸ்எஸ்எல் அடிக்கோடு செஷன் அடிக்கோடு டிக்கெட்ஸ் ஆஃப்'. டிக்கெட் என்பது திரும்பி வரும் பிரவுசர் சீக்கிரம் உள்ளே நுழைய சர்வர் கொடுக்கும் சீட்டு. 1.2இல் அந்தச் சீட்டுக்குள் பேச்சின் ரகசியமே பூட்டி வைக்கப்பட்டிருக்கும். பூட்டும் சாவி சர்வரிடம் ஒன்றுதான். மாதக்கணக்கில் அதை மாற்றாமல் ஓடவிட்டால், தற்காலிகச் சாவி போட்டதற்கே அர்த்தமில்லை.

'என்ஜின்எக்ஸ்' கழித்தல் 'டி' கொடுத்துப் பிழை இல்லை என்று பார்த்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். இனி சோதனை. 'ஓபன்எஸ்எஸ்எல் எஸ் அடிக்கோடு கிளையன்ட்', இடைவெளி, கழித்தல் 'கனெக்ட்', உங்கள் தளத்தின் பெயர், முக்காற்புள்ளி, 443. கொட்டுகிற வரிகளில் 'சர்வர் டெம்ப் கீ: எக்ஸ்25519, 253 பிட்ஸ்' என்று ஒன்றைத் தேடுங்கள். அதுதான் இந்த இணைப்புக்கு மட்டும் பிறந்த சாவி. ஓபன்எஸ்எஸ்எல் 3.5 போன்ற புதிய பதிப்புகளில் இந்த வரி வேறு மாதிரி வரும். எக்ஸ்25519 உடன் எம்எல்கெம்768 ஒட்டிய பெயர் தெரிந்தால் கவலை வேண்டாம், குவாண்டம் கணினிக்கும் தாங்குவதற்காகச் சேர்த்த கூடுதல் காப்பு அது.

இதோடு நிறுத்தாதீர்கள். நல்ல வழி திறந்திருக்கிறது என்பது மட்டும்தான் இதுவரை தெரிந்தது. பழைய வழி அடைபட்டதா என்று பார்க்க, அதே கட்டளையின் கடைசியில் கழித்தல் 'டிஎல்எஸ்1', அடிக்கோடு, '2', பிறகு கழித்தல் 'சைஃபர்', அதற்கு மதிப்பாக 'ஏஇஎஸ்128', 'ஜிசிஎம்', 'எஸ்ஹெச்ஏ256' மூன்றையும் கழித்தல் குறியால் கோத்துக் கொடுங்கள். முன்னால் இசிடிஹெச்இ இல்லாத இந்தப் பெயர்தான் பழைய முறை.

"மாமா, ஹேண்ட்ஷேக் ஃபெயிலியர்னு வருது" என்றான் மருமகன், பதறிப்போய்.

"அதுதாம்லே வேணும், பழைய வழி அடைபட்டாச்சு" என்றேன்.

இனி ஆக்கர் கடைக்குப் போன கீயின் கதை. புது சர்வரிலும் அதே கீயைத்தான் நகலெடுத்து வைத்திருந்தான். 'சர்ட்பாட் ரிவோக்' கொடுத்துப் பழைய செர்டிபிகேட்டை ரத்து செய்து, புதுக் கீயோடு புதுச் செர்டிபிகேட் எடுக்க வைத்தேன். பழைய சர்வரில் நடந்த பேச்சுகளுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. மறுநாள் அவன் ஆக்கர் கடைக்குப் போய் விசாரித்தபோது, அந்த வார லோடு மார்த்தாண்டம் தாண்டிப் போய்விட்டதாகச் சொன்னார்களாம்.