பெட்டைக்குதிரை முரண்டு பிடிக்கிறதா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும்போது, சுழிப் பேச்சுக்கு அடுத்தபடியாகக் காதில் விழுவது இது: "பெட்டை வேண்டாங்க. மாசத்துல பத்து நாள் சொன்ன பேச்சு கேக்காது." அதைக் கேட்டுக்கொண்டே நான் ஒரு பெட்டையைத்தான் பிடித்து வந்தேன். செவலை நிறம், கத்தியவாரி இனம். வந்த மூன்றாவது வாரம் சேணம் போடப் போனால் காதை மடக்கிக்கொண்டு கடிக்க வந்தாள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பார்த்துவிட்டு, "பருவத்துக்கு வந்திருக்குது, அப்படித்தான் இருக்கும்" என்றார். நானும் நம்பி எட்டு மாதம் ஓட்டினேன். கடைசியில் பார்த்தால் அது பருவமே இல்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தேன், உண்மையிலேயே பருவக் கோளாறு உள்ள பெட்டையை எப்படிச் சமாளிப்பது என்று படிப்படியாக எழுதுகிறேன். முதல் குதிரை வாங்கியிருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

தொடங்கும் முன்: உடம்புக்குள் நடப்பது

பெட்டையின் சுழற்சி சராசரியாக 21 நாள். அதில் 5 முதல் 7 நாள் பருவம். அந்த நாட்களில் சினைப்பையில் ஒரு முட்டைப்பை 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை பெருத்து ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். அது வெடித்து முட்டை வெளிவந்த ஓரிரு நாளில் பருவம் அடங்கும். வெடித்த இடத்தில் உருவாகும் மஞ்சள் திசு புரொஜெஸ்டிரோன் சுரக்க ஆரம்பித்ததும், அடுத்த இரண்டு வாரம் ஆண்குதிரையைக் கிட்டேயே அண்டவிட மாட்டாள். சினை பிடிக்கவில்லை என்றால் கருப்பையிலிருந்து வரும் புராஸ்டாகிளாண்டின் அந்தத் திசுவைக் கரைத்துவிடும். மறுபடியும் பருவம்.

வெளிநாட்டுக் கையேடுகளில் குளிர்காலத்தில் இந்தச் சுழற்சி நின்றுவிடும் என்று படித்திருப்பீர்கள். அது பகல் பொழுது நன்றாகச் சுருங்கும் ஊர்களுக்குப் பொருந்தும். ஈரோட்டுப் பக்கம் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். அதனால் நம் ஊரில் பல பெட்டைகள் வருடம் முழுக்கப் பருவத்துக்கு வரும்.

இன்னொன்றை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பருவத்தில் இருக்கும் பெட்டையின் அடையாளம் பெரும்பாலும் கோபம் இல்லை. வாலைத் தூக்கி ஒரு பக்கம் ஒதுக்குவாள். பின்னங்காலை அகட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடுவாள். பிறப்புறுப்பின் உதடுகளைத் திறந்து திறந்து மூடுவாள். ஆண்குதிரை இருக்கும் பக்கமே சாய்ந்து நிற்பாள். வேலையில் கவனம் இருக்காது, கூப்பிட்டால் காதில் விழாது. ஆண்குதிரையைப் பார்த்ததும் கீச்சென்று கத்தி உதைப்பது பருவம் இல்லாத நாட்களின் குணம். "கடிக்கிறாள், அதனால் பருவம்" என்ற கணக்கு பல சமயம் தப்பாகப் போவது இதனால்தான். சில பெட்டைகளுக்கு முட்டை வெடிக்கிற சமயத்தில் விலாப் பக்கம் தொட்டால் வலிக்கும் என்பதும் உண்மை. எது உங்கள் குதிரை என்று தெரிய நோட்டு வேண்டும்.

படி 1: மூன்று சுற்றுக்கு எழுதுங்கள்

40 பக்க நோட்டு போதும். லாயத்துக் கதவிலேயே ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள், பேனாவைக் கயிற்றில் கட்டிவிடுங்கள். வீட்டில் வைத்தால் எழுத மாட்டீர்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரு வரி: வால், சிறுநீர், காது, தீனி எடுத்தாளா, உடம்பு தேய்க்கும்போது எப்படி நின்றாள், வயிற்றுவார் இறுக்கும்போது என்ன செய்தாள், ஏறி ஓட்டியபோது எப்படி இருந்தாள். முரண்டுக்கு 0 முதல் 3 வரை ஒரு எண் போடுங்கள். 65 நாள் எழுதினால் மூன்று சுற்று வந்துவிடும். ஒரு மாதத்தில் முடிவெடுக்காதீர்கள். ஒரே ஒரு சுற்றில் தற்செயலாகப் பொருந்துவது சாதாரணம்.

"இன்று மோசம்" என்று எழுதினால் பிறகு எதற்கும் உதவாது. "இடது பக்கம் வார் இரண்டாவது ஓட்டைக்கு இழுத்தபோது திரும்பிக் கடிக்க வந்தாள்" என்று எழுதுங்கள்.

படி 2: ஆண்குதிரையைக் காட்டிப் பாருங்கள்

வாரத்தில் இரண்டு மூன்று நாள், நெஞ்சு உயரத்துக்கு மேல் உறுதியான தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆண்குதிரையை ஒருவர் பிடித்து நிற்க, இந்தப் பக்கம் பெட்டையைக் கொண்டுவாருங்கள். முள்வேலி, கம்பிவேலி கூடவே கூடாது. பெட்டை முன்னங்காலாலும் அடிக்கும். அதனால் பிடிப்பவர் தோளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், முன்னாலும் நிற்கக் கூடாது, பின்னாலும் நிற்கக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் போதும். சாய்கிறாளா, உதைக்கிறாளா என்று அன்றைய வரியில் சேர்த்து எழுதுங்கள். ஆண்குதிரை கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், காயடித்த குதிரையைப் பார்த்தே பல பெட்டைகள் பருவம் காட்டும்.

படி 3: நோட்டைப் படியுங்கள்

மூன்று வகையில் ஒன்றாக இருக்கும்.

மோசமான நாட்கள் 21 நாளுக்கு ஒருமுறை கொத்தாக வந்து, வால், சிறுநீர் அடையாளங்களோடு ஒத்துப்போனால் அது பருவத்தோடு சேர்ந்தது. படி 5-க்குப் போங்கள்.

அடையாளமே இல்லாத நாட்களிலும் முரண்டு சிதறிக் கிடந்தால் வலியைச் சந்தேகியுங்கள். என் செவலையின் நோட்டு இப்படித்தான் இருந்தது. வால் தூக்கிய நாட்களில் 0, சும்மா இருந்த நாட்களில் 3.

எப்போதும் பருவத்திலேயே நிற்பது, அல்லது ஆண்குதிரை போலக் கழுத்து தடித்து மற்ற பெட்டைகள் மேல் ஏறப் போவது, இவை மூன்றாவது வகை. சினைப்பையில் கட்டி வந்தால் இப்படி ஆகும். பொதுவாக ஒரு சினைப்பை பெருத்தும் மற்றது சுருங்கியும் இருக்கும். ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் தெரிந்துவிடும். அந்தச் சினைப்பையை அறுவை செய்து எடுத்தால் பெரும்பாலும் குணமாகும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 4: வலியைத் தேடுங்கள்

குதிரையை நேராக நிற்கவைத்து, மேட்டுத்தோளிலிருந்து (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு) இடுப்பு வரை, முதுகெலும்புக்கு இரண்டு விரல் தள்ளிக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். கண் உங்கள் விரலில் இருக்கக் கூடாது, அவள் காதிலும் மூக்குத்துவாரத்திலும் இருக்க வேண்டும். என் செவலை மேட்டுத்தோளுக்குப் பின்னால் ஒரு சாண் தூரம் வரை அசையவில்லை. அடுத்த அழுத்தத்தில் முதுகு அப்படியே கீழே பதிந்தது, தலை மேலே போனது, மேலுதடு இறுகியது. மறுபக்கமும் அதே இடம். சேணத்தின் உள்கட்டை அவள் முதுகுக்குக் குறுகலாக இருந்து அந்த இடத்தைத்தான் கவ்வியிருக்கிறது. எட்டு மாதமாக அவள் வாரைப் பார்த்ததும் காதை மடக்கியது அதற்குத்தான். ஆறு வாரம் சேணமே போடவில்லை. அகலமான சேணம் மாற்றிய பிறகு கடிப்பது நின்றது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனது கேட்காது.

முதுகு சரியாக இருந்தால் இரைப்பைப் புண், பல் கூர்மை, சிறுநீர்ப்பைத் தொற்று, கால் வலி என்று மருத்துவரோடு ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரைப்பைப் புண் உள்ள குதிரையும் வார் இறுக்கும்போதுதான் கடிக்கும். உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் மாடுகளைத்தான் அதிகம் பார்ப்பார்கள். ஸ்கேன் தேவைப்பட்டால் நாமக்கல் அல்லது சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். நோட்டையும், கைப்பேசியில் எடுத்த இரண்டு வீடியோவையும் கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

படி 5: பருவ நாட்களை நடத்துவது

ஆண்குதிரைக்குப் பக்கத்துக் கொட்டகையில் கட்டாதீர்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத இடம் நல்லது. வேலையை முழுக்க நிறுத்தவும் வேண்டாம், புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவும் வேண்டாம். தெரிந்த வேலை, பாதி நேரம், வட்டமும் திருப்பமுமாக இருக்கட்டும். நேராக நீள ஓட்டினால் மனது ஆண்குதிரைப் பக்கமே போகும். உலர்ந்த புல் எந்நேரமும் முன்னால் கிடக்கட்டும், கொள்ளையும் அடர்தீவனத்தையும் கொஞ்சம் குறையுங்கள். முடிந்தவரை அவிழ்த்து நடமாட விடுங்கள். பின்பக்கம் போகும்போது குரல் கொடுத்து, உடம்பில் கை வைத்துக்கொண்டே போங்கள். தேதி முன்கூட்டியே தெரிந்தால் பாதிக் கஷ்டம் குறையும். குழந்தைகளை ஏற்றும் நாளை, கோயில் ஊர்வலத்தை எல்லாம் அதற்கேற்ப மாற்றி வைக்கலாம்.

சாட்டை எடுக்காதீர்கள். பருவத்துக்கும் சாட்டைக்கும் சம்பந்தமே இல்லை.

படி 6: மருந்து, அதுவும் மருத்துவர் சொன்னால்

பருவத்தை அடக்க உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது அல்ட்ரெனோஜெஸ்ட் என்ற வாய்வழி மருந்து. புரொஜெஸ்டிரோன் போல வேலை செய்யும், தொடங்கிய மூன்று நாளுக்குள் பருவம் பெரும்பாலும் அடங்கும். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.044 மில்லிகிராம், தினம் ஒருமுறை. 350 கிலோ குதிரைக்குச் சுமார் 15 மில்லிகிராம். எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மருந்து கொடுத்தும் முரண்டு மாறவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் பருவமாக இருக்காது. பந்தயத்தில் விடுபவர்கள் அந்தப் பந்தய விதியைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இது தோல் வழியாக மனித உடம்பில் ஏறும். கர்ப்பிணிகள் புட்டியைத் தொடவே கூடாது. மற்றவர்களும் நைட்ரைல் கையுறை போட வேண்டும். சாதாரண லேடெக்ஸ் கையுறை தடுக்காது.

கருப்பைக்குள் 35 மில்லிமீட்டர் கண்ணாடிக் கோலி வைப்பதைப் பற்றி யாராவது சொல்வார்கள். பாதிப் பெட்டைகளுக்குக் கூட வேலை செய்வதில்லை. உள்ளே மறந்துபோய் விட்ட கோலிகள் உடைந்ததும், சீழ் பிடித்ததும் உண்டு. நான் வைக்க மாட்டேன். "சினை பிடிக்கவைத்தால் அடங்கிவிடும்" என்பதும் அப்படித்தான். 11 மாதம் அடங்கலாம். ஈன்ற பத்து நாளுக்குள் பருவம் திரும்பும், கூடவே வளர்க்க ஒரு குட்டி இருக்கும்.

போன வருடம் வந்த கருப்பிக்கு இப்போது நோட்டில் நாலாவது சுற்று ஓடுகிறது. இவளுக்கு உண்மையிலேயே பருவம்தான், 21, 22, 21 என்று கடிகாரம் போல. அடுத்தது வருகிற வெள்ளிக்கிழமை வாக்கில் வரும். ஆண்குதிரையை நேற்றே மேலைக் கொட்டகைக்கு மாற்றிக் கட்டிவிட்டேன்.