கட்ட வேண்டாத கார்டு பில்லுக்கு வசூல் ஏஜென்ட் அழைத்தால்

ரத்து செய்துவிட்ட ஒரு சந்தாவுக்கு என் கிரெடிட் கார்டில் பணம் பிடித்தார்கள். நான் கட்ட மறுத்தேன். நான்கு மாதம் கழித்து வசூல் ஏஜென்ட் அழைக்க ஆரம்பித்தார். அதை முடித்த வழி இதுதான்.

முதலில், போனில் எதற்கும் சரி என்று சொல்லாதீர்கள். ‘இப்போதைக்குக் கொஞ்சம் கட்டுங்க, மீதியை அப்புறம் பார்க்கலாம்’ என்பார்கள். கட்டினால், கடனை ஒப்புக்கொண்டீர்கள் என்றே அடுத்த முறை பேசுவார்கள். அழைத்தவர் பெயர், ஏஜென்சி, நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, ‘இந்தத் தொகை மீது புகார் இருக்கிறது, எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்’ என்று வைத்துவிடுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அவர்கள் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நேரில் வந்தால் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதமும் கேளுங்கள்.

பில்லில் நீங்கள் மறுக்காத தொகையைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். அதையும் நிறுத்தினால் உண்மையான பாக்கி சேர்ந்துவிடும்.

அடுத்தது எழுத்துப் புகார். நான் சறுக்கிய இடம் இது. வாடிக்கையாளர் சேவைக்கு ஆறு முறை பேசியிருந்தேன்; ஒரு புகார் எண்கூட வாங்கவில்லை. வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போக நினைத்தபோதுதான், வங்கியிடம் முதலில் முறையிட்டதற்கு ஆதாரம் வேண்டும் என்று தெரிந்தது. மறுபடியும் தொடக்கத்திலிருந்து வந்தேன். அதனால் ஈமெயிலில் எழுதுங்கள். வங்கி ஆப்பில் இருக்கும் சாட் உரையாடலை நான் நம்புவதில்லை. என்னுடையது சில வாரங்களில் காணாமல் போனது. எந்தத் தேதி, எவ்வளவு தொகை, ஏன் மறுக்கிறீர்கள் என்று பத்து வரி போதும். ரத்து செய்த உறுதி மெயிலையும் இணைத்துவிடுங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஆம்புட்ஸ்மேனுக்கு ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற இணையப் புகார் தளத்தில் புகார் போடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். எனக்கு அங்கே போட்ட பிறகுதான் வங்கி தொகையைத் திருப்பியது.

பிறகு சேர்த்தது: பணம் திரும்பியும் சிபில் அறிக்கையில் (நம் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கை) பாக்கி அப்படியே நிற்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். எடுத்துப் பார்த்துத் திருத்தக் கோரிக்கை கொடுங்கள். 30 நாள் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கியின் தீர்வு மெயிலையும் அதோடு இணையுங்கள். இல்லாமல் கொடுத்த ஒருவருக்குக் கோரிக்கை திரும்பி வந்துவிட்டது.