மலிவு கிளாம்ப்பை உருப்படியாக்குவது எப்படி

மரப்பலகைகளை ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்கும் கருவிதான் கிளாம்ப். அதை மலிவாக வாங்கியவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டுதான். முடுக்கும்போது வழுக்குகிறது, முடுக்கிய பிறகு வளைகிறது. வழுக்குவது இரும்பின் குறை இல்லை. அரம் போடுவது, பிசிறு எடுப்பது, துடைப்பது என்று தயாரித்தவர்கள் கடைசியில் செய்திருக்க வேண்டிய வேலையை விட்டுவிட்டார்கள், அதை நாம் செய்தால் தீர்ந்தது. வளைவதுதான் கொஞ்சம் சிக்கல், அதை ஓரளவுக்குத்தான் குறைக்க முடியும்.

வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தாடைகளைத் தாங்கும் பட்டையின் நீளவாக்கில் பாருங்கள். பட்டை முறுக்கியிருந்தாலோ, வார்ப்பில் கீறல் தெரிந்தாலோ, திருகைச் சுற்றும்போது அதன் முனை வட்டமடித்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் உழைப்பைப் போடுவது வீண்.

பட்டையின் ஒரு முனையில் நிலையான தாடையும், பட்டை மேல் நகரும், திருகு உள்ள இன்னொரு தாடையுமாக F எழுத்து மாதிரி இருப்பது எஃப் கிளாம்ப். அது எப்படிப் பிடிக்கிறது என்று புரிந்தால் எங்கே கைவைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சாதாரண எஃப் கிளாம்ப்பின் நகரும் தாடையை நிறுத்திவைக்கப் பல்லோ ஆணியோ கிடையாது. திருகை முடுக்கும்போது தாடை லேசாகச் சாய்கிறது, சாயும்போது அதில் பட்டை நுழையும் ஓட்டையின் ஒரு விளிம்பு பட்டையின் முன்பக்கத்தையும் எதிர் விளிம்பு பின்பக்கத்தையும் கவ்விக்கொள்கிறது, அவ்வளவுதான் சங்கதி. ஆக அந்த விளிம்புகள் கூராக இருக்க வேண்டும், பட்டையின் ஓரம் சொரசொரப்பாகவும் எண்ணெய்ப் பசை இல்லாமலும் இருக்க வேண்டும். மலிவு சரக்கில் நேர் எதிராக, ஓட்டைக்குள் பெயின்ட் திட்டுத்திட்டாக அடைத்திருக்கும், பட்டை மேல் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் அப்படியே இருக்கும்.

முதலில் தின்னர் தொட்ட துணியால் பட்டையை நன்றாகத் துடைத்துவிடுங்கள். சில சமயம் இது மட்டுமே போதும். போதவில்லை என்றால் தாடையைக் கழற்றி, ஓட்டைக்குள் இருக்கும் பெயின்ட்டையும் பிசிறையும் தட்டை அரத்தால் எடுத்து, கவ்வும் விளிம்புகளைச் சதுரமாகக் கூராக்குங்கள். ஓட்டையைப் பெரிதாக்கிவிடக் கூடாது, தாடை அளவுக்கு மேல் சாய்ந்துவிடும். அடுத்தது பட்டை. அதன் குறுகிய ஓரங்கள் இரண்டிலும் முக்கோண அரத்தால் குறுக்காக மெல்லிய கோடுகள் போடுங்கள், இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்று இருந்தால் போதும். ஆழம் வேண்டாம், நகம் தட்டுப்பட்டாலே போதுமானது. ஆழமாக வெட்டினால் பட்டை பலமிழந்து அந்த இடத்திலேயே மடங்கும். ஏற்கெனவே பல் வெட்டிய பட்டை என்றால் பல்லுக்குள் பெயின்ட்டோ முலாமோ மூடியிருக்கிறதா என்று பாருங்கள், வயர் பிரஷ் போட்டாலே உயிர் வந்துவிடும்.

திருகுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு, அங்கே வழுக்க வேண்டும். மரைகளை வயர் பிரஷால் தேய்த்து வார்ப்புத் தூளை எல்லாம் எடுத்துவிட்டு, மெழுகுவர்த்தியைத் தேய்த்து நாலைந்து முறை முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். எண்ணெயும் கிரீஸும் எனக்குப் பிடிக்காது, மரத்தூளைச் சேர்த்துக்கொண்டு களிம்பாகிவிடும், மரத்தில் சொட்டினால் கறையும் விழும். சிலிக்கான் ஸ்ப்ரே பட்டறைக்குள்ளேயே வேண்டாம், மரத்தில் கொஞ்சம் ஒட்டினாலும் பின்னால் வார்னிஷ் அந்த இடத்தில் சேராமல் குழிகுழியாக விலகி நிற்கும். அப்புறம், தேய்த்த மெழுகு எஃப் கிளாம்ப்பின் பட்டை மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் மேலே செய்த வேலை அத்தனையும் பாழ்.

கைப்பிடி வழவழப்பாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இழுத்து மாட்டுங்கள். மரக் கைப்பிடி தனியாகச் சுற்றினால் குறுக்கே ஓட்டை போட்டு ஓர் ஆணியை இறக்கிவிடலாம். பிடி போதவில்லை என்று பைப் மாட்டி முடுக்குவது மட்டும் கூடாது, இந்த விலைக் கிளாம்ப்பில் முதலில் போவது மரைதான்.

திருகு முனையில் சுழலும் வட்டத்தட்டு மரத்தில் பள்ளம் பதிக்கும். அதன் மேல் தோல், கார்க், மெல்லிய ப்ளைவுட் என்று கிடைப்பதைக் கான்டாக்ட் பசையால் ஒட்டிவிடலாம். நான் ப்ளைவுட்டையே சொல்வேன், ரப்பர் அமுங்கிக்கொடுக்கும், சில ரப்பர் கறையும் விடும்.

இனி அலுமினியப் பட்டைக் கிளாம்ப். லேசாக இருக்கும், நீளமாகக் கிடைக்கும், முடுக்கினால் வில் மாதிரி வளையும். பட்டை உள்ளே வெற்றிடமாக, ஒரு பக்கம் திறந்த பெட்டி வடிவில் இருக்கும். அந்தக் குழிக்குள் இறுக்கமாகப் போகும் அளவுக்கு நல்ல கெட்டி மரத்தில் ஒரு ரீப்பரை இழைத்து எப்பாக்சி பசை தடவி உள்ளே தள்ளுங்கள். மரம் அலுமினியத்தை விட நெகிழ்வானதுதான், ஆனால் இங்கே உண்மையில் தோற்பது அந்த மெல்லிய சுவர், அது உள்பக்கம் மடிந்து பட்டை முறுக்கிக்கொள்கிறது. உள்ளே கட்டை நிறைந்திருந்தால் சுவர் மடிய இடமில்லை. ஒட்டுமுன் ஒரு முறை சும்மா சொருகி, நகரும் தாடையின் பூட்டு எல்லாப் பள்ளத்திலும் விழுகிறதா என்று சோதித்துவிடுங்கள், இடித்தால் ரீப்பரின் உயரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். இந்த வகை கவ்விப் பிடிப்பதில்லை, பள்ளத்தில் பூட்டிக்கொள்கிறது, அதனால் இதன் பட்டைக்குத் தாராளமாக மெழுகு தேய்க்கலாம்.

அழுத்தும்போது தாடை வெளிப்பக்கம் சாய்வதும் உண்டு. மூலைமட்டம் வைத்துப் பார்த்து, தாடையின் மேல்பாதியில் அட்டையோ மெல்லிய தகடோ ஒட்டி அதை லேசாக உள்நோக்கிச் சாய்த்து வையுங்கள், முடுக்கினால் நேராகிவிடும். இன்னொரு வழி, தாடைக்கும் பலகைக்கும் நடுவில், பலகைத் தடிமனின் மத்தியில் ஓர் உருண்டைக் குச்சியை வைப்பது. தாடை எப்படிச் சாய்ந்தாலும் அழுத்தம் நடுவில்தான் விழும், பலகை தூக்கிக்கொள்ளாது.

இத்தனையும் செய்தாலும் மலிவு கிளாம்ப்பின் பலம் மலிவு கிளாம்ப்பின் பலம்தான். வெள்ளை மரப்பசைக்கு மென்மரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 7 முதல் 10 கிலோ அழுத்தம் வேண்டும், கடின மரத்தில் 12 முதல் 17 வரை. 2 செ.மீ. தடிமனில் 75 செ.மீ. நீளப் பலகையை ஓரத்தோடு ஓரம் ஒட்டினால் 150 சதுர சென்டிமீட்டர், அதாவது மென்மரத்துக்கே குறைந்தது 1,050 கிலோ. மூன்று கிளாம்ப் போட்டால் ஒன்றுக்கு 350 கிலோ வருகிறது, மெல்லிய அலுமினியப் பட்டையிடம் அதைக் கேட்பது அநியாயம். ஆறாகப் போட்டால் 175. எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி வையுங்கள், அப்போது ஒன்றின் வளைவை இன்னொன்று சமன்செய்யும். சேரும் ஓரங்களை நன்றாக இழைத்து, பசை இல்லாமல் கையால் சேர்த்துப் பிடித்தாலே வெளிச்சம் தெரியாத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் கிளாம்ப்புக்குப் பாதி வேலை மிச்சம். வளைந்த பலகையை நேராக்கும் வேலையைக் கிளாம்ப் தலையில் கட்டாதீர்கள்.

பட்டை மேல் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டால் வழிந்த பசை காய்ந்ததும் உரிந்து வந்துவிடும். ஆனால் எஃப் கிளாம்ப்பில் கோடு போட்ட ஓரத்தில் டேப் கூடாது, அகலப் பக்கத்தில் மட்டும். பட்டைக்குப் பதில் முலாம் பூசாத இரும்புப் பைப் உள்ள பைப் கிளாம்ப்பாக இருந்தால் டேப் கட்டாயம், பசையின் ஈரமும் இரும்பும் ஓக், தேக்கு போன்ற மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்தால் கறுப்புக் கறை விழும், அது உப்புத்தாள் போட்டாலும் லேசில் போகாது.